இடப்பக்கம் முறுக்கிய நூல்

ஜனவரி 12, 1991. சனி

லண்டனில் ஈரப் பனி. ஈஸ்ட் ஹாம் போய் முருங்கைக்காய், பனங்கிழங்கு ஒடியல் மா வாங்கினேன்.

மனைவி பரமேஸ் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம். எனக்கென்று அவள் தொடங்கிய ஸ்வெட்டரில் ஒரு கை இன்னும் இல்லை. கம்பளி நூலை அவளே வீட்டில் நூற்றாள். பக்கத்து வீட்டு ஐரிஷ் கிழவி மேரி கொடுத்த, காலால் மிதிக்கும் ராட்டையில். மிச்சத்தை மேரி பின்னித் தருவாள். நூல்தான் போதாது.

மகள் கீதா: "கடையில வாங்குவம் அப்பா. ஆருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு நூற்கத் தெரியுமே?"

"ரேடியோ திருத்த எனக்கு ஆர் படிப்பிச்சது?"

சிரித்தாள். தாயின் சிரிப்பு. பிடிக்கவில்லை.

13, ஞாயிறு

காலை முழுக்க முயற்சி. கம்பளியில் ஆட்டுப் பிசுக்கு, விரல் வழுக்குகிறது. வந்தது நூலில்லை, மாடு கட்டும் கயிறு.

மத்தியானம் கீழே தேத்தண்ணி ஊற்றும்போது மேலே ராட்டை மிதிக்கும் சத்தம். கீதா வேலையில். ஏறிப் பார்த்தேன். சக்கரம் அசையவில்லை. மிதிபலகை மட்டும் சூடு. ஹீட்டராக இருக்கலாம். ஹீட்டர் மற்றச் சுவரில்.

15, செவ்வாய்

காற்று. முழங்கால் நோவு. நூல் மெலிகிறது. ஒருவரிடமும் கேட்கவில்லை.

அவளுடைய கடைசி நூலோடு என் கம்பளியைத் தொடுத்து வலப்பக்கம் சுற்றினேன். அவள் எப்போதும் இடப்பக்கம். எத்தனை தரம் சொன்னேன்: "இஞ்சேரும், சவத்தைத்தான் இடமாச் சுத்துறது. கோயில் மாதிரி வலமாச் சுத்தும்."

"ஆட்டு மயிருக்கு என்ன கோயில்?" என்பாள்.

சுற்றச் சுற்ற அவளுடைய முறுக்கு அவிழ்ந்தது. ஒரு முழம் நூல் பஞ்சாகி மடியில். மேரியிடம் ஓடினேன்.

"அவள் இடமாக முறுக்கினாள். நீ வலமாகச் சுற்றினால் அவளைப் பிரிக்கிறாய். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ராட்டை. குழந்தைக்கும் தெரியும் இது."

கதவை அடித்துச் சாத்தினேன். அவளுடைய கதவை.

16, புதன்

கீதா: "ராட்டையைத் திருப்பிக் குடுப்பம். உங்களுக்குச் சாப்பாடும் இல்லை, அம்மாவோட சண்டையும்."

ஓம், சண்டைதான். கல்யாணம் முடிந்த நாள் தொட்டு.

வலமாகச் சுற்றினால் அவளுடைய நூல் போய்விடும். இடமாகச் சுற்றினால் அவள் சவமென்று நானே ஒப்புக்கொண்டதாகும். மாட்டேன்.

பின்னேரம் ராட்டைக்கு முன்னால் இருந்தேன். வலப்பக்கம் தள்ளி மிதித்தேன். சக்கரம் தயங்கி இடப்பக்கம் திரும்பியது. மறுபடி தள்ளினேன். மறுபடி இடம்.

"விடும், பரமேஸ்."

கம்பளி விரலிலிருந்து தானாக இழுபட்டது. மெல்லிய நூல். என் கைக்கு வராத நூல். காலை எடுத்துவிட்டேன்.

சக்கரம் நிற்கவில்லை.