பூ வைத்த ஏழு கற்கள்

நண்பரே, இன்று காலை பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளுக்குச் சிவப்புப் பெயிண்டில் நம்பர் போட்டார்கள். யுத்தத் தட்டுப்பாட்டில் எங்கேயோ கிடைத்த பழைய டப்பா. நாற்றம் என் டிராயிங் வகுப்பு வரை வந்தது. உம் நினைப்பு வந்துவிட்டது. பையன்களைப் பூவரசம் இலை வரையச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீர் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது.

அந்தச் சாரல் காலத்தில் உம்முடைய கற்களுக்கு இதே சிவப்பில் நம்பர் போட்டது நான்தானே. நீர் சயன்ஸ் வாத்தியார். ஓடையில் உயிர்கள் ஒரே வரிசையில்தான் குடியேறும், முந்தி வந்தது பிந்தி வருவதற்கு இடம் பண்ணிக் கொடுக்கும் என்பது உம் கட்சி. முதலில் பாசி, அப்புறம் வால் ஒட்டி நிற்கும் புழு, கடைசியில் வலை பின்னும் புழு. அதைத் திருநெல்வேலியில் ஒரு விஞ்ஞானக் கூட்டத்துக்கு எழுதியும் அனுப்பிவிட்டீர். நிரூபிக்க வேண்டுமே! சுரண்டிக் கழுவிய ஏழு கற்களைக் குற்றாலத்தில், அருவிக்குக் கீழே சிற்றாற்றில், ஒரே நாளில் இறக்கினோம்.

மறுநாள் போனால் தண்ணீரில் ஒரு கல்தான் கிடந்தது. மிச்சமெல்லாம் மஞ்சள் பூசி, பூ வைத்துக் கரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. குளிக்க வந்தவர்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சாமியத் தூக்கிக்கிட்டு எங்கன போறீய?" என்று பூ விற்கிற அம்மாள் வழிமறித்தாள்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நின்றது. நீரோ சிரித்துக்கொண்டே அவளிடம் பேரம் பேசினீர். "சரி, வெள்ளிக்கு ஒண்ணா எடுத்துக்கிடுங்க. பூசை முடிஞ்சதும் தாரேன்" என்று இறங்கி வந்தாள்.

அப்படியே வாரத்துக்கு ஒரு கல்லாகக் கழுவி இறக்கினோம். தண்ணீரிலேயே கிடந்த முதல் கல் உம் சொல்லைக் காப்பாற்றியது. பின்னால் போனவை கேட்கவில்லை. வெள்ளம் வடிந்த வாரம் இறங்கிய கல்லில் வலைப்புழுதான் முதலில் வந்தது. அது பிடித்த இடத்தில் வால் புழு ஒட்டவே இல்லை. யார் முந்துவது என்பது அந்தந்த வாரத்து ஆற்றைப் பொறுத்திருந்தது. ஏழும் ஒரே நாளில் இறங்கி அங்கேயே கிடந்திருந்தால் ஏழும் உமக்குத் தலையாட்டியிருக்கும். நீரும் ஏமாந்திருப்பீர்.

"முதல் கல்லை மட்டும் சொல்லும் வே. யாரு கேக்கப் போறா?" என்றேன். இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொன்னேன்.

"ஆறு காலுப் புழுவுக்கு எட்டுக் காலு இருந்தா அழகாயிருக்கும்னா, நீரு எட்டு வரைவீரா வே?" என்றீர்.

கூட்டத்தில், காலேஜ் புரொபசர்களுக்கு முன்னால், "நான் எழுதி அனுப்பினது தப்பு" என்றுதான் ஆரம்பித்தீர். தலைமை வகித்தவர், "அப்படியானால் ஓடைக்கு வரிசையே கிடையாதா?" என்று மடக்கினார். "ஒரே வரிசை கிடையாது. வேறென்ன உண்டுன்னு இனிமேத்தான் பாக்கணும்" என்றீர். பின்வரிசையில் நான் ஒருத்தன் மட்டும் கைதட்டினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

உம்மை அறியாதவர்கள் கேட்டால், சயன்ஸ் வாத்தியார் என்று நான் சொல்வதில்லை. பெரிய சபையில் தன் வாயாலேயே தான் தோற்றதைச் சொல்லிவிட்டு, ஜெயித்தவர் மாதிரி முகம் மலர்ந்து படியிறங்கி வந்த மனுஷர் என்கிறேன். அன்றைக்கு ரயிலடி வரை அவர் கூட நடந்து வந்தவன் நான் என்பதையும் விடாமல் சொல்லிவிடுகிறேன்.