திருத்தணி ரோட்டில் ஒரு போன்

மச்சான்,

இன்று காலை என் ஹெல்மெட் கிடைக்கவில்லை என்று உன்னுடையதை எடுத்து மாட்டினேன். உள்ளே இன்னும் உன் தலை எண்ணெய் வாசம். வண்டியை எடுக்க மனம் வராமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். டெங்கு உன்னைக் கொண்டுபோனதிலிருந்து அவளும் நானும் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

அந்தக் கோடை ஞாபகம் இருக்கிறதா? நம் நகரி ஷெட்டில் நான்கு தறியும் நின்றுகிடந்தன. கரண்ட் இருந்தது, பாவு நூல் இருந்தது, ஆர்டரும் இருந்தது. எனக்குத்தான் எழுந்திருக்க முடியவில்லை. குளிப்பதே பெரிய வேலையாக இருந்தது. உன் அக்கா திருமலையில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டாள். சொந்தக்காரர்கள் கண் பட்டுவிட்டது என்றார்கள். நீ மட்டும் தறிமேல் சாய்ந்து நின்று, "இன்னா மாமா ஆவுது உனுக்கு? நெஜத்த சொல்லு" என்றாய்.

"இருக்கவே புடிக்கலடா" என்றேன். நீ புத்தி சொல்லவில்லை. உன் வாய்க்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாதா!

திருப்பதி ஆஸ்பத்திரிச் சுவரில் பார்த்த ஹெல்ப்லைன் நம்பரை போனில் வைத்திருந்தாய். போட்டுக் கொடுத்தாய். ஏதோ பாட்டு ஓடி முடிந்ததும் ஒரு பெண் தெலுங்கில் "செப்பண்டி" என்றாள். உடனே கட் பண்ணிவிட்டேன். கரண்ட் ஆபீசில் சண்டை போட எனக்குத் தெலுங்கு வரும், நூல் பேரம் பேச வரும். சாகத் தோன்றுகிறது என்று சொல்ல மட்டும் அதில் வாய் வரவில்லை.

"அவ்ளோதானே? வண்டில ஏறு. பார்டர் தாண்டுனா தமிழ்நாட்டு டவரு. தமிழ்ல எடுப்பாங்க" என்றாய்.

செக்போஸ்ட்டைத் தாண்டி, திருத்தணி ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினாய். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்ட முகம் உனக்கு. மறுபடி போட்டாய். அதே பாட்டு, அதே "செப்பண்டி". நம்பர் அதே நம்பர்தானே, எங்கே நின்று போட்டால் என்ன? நீ முழித்த முழியைப் பார்த்து, எத்தனையோ நாளுக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. நீ போனை வாங்கி, "மேடம், மா பாவகாரு தெலுகுலோ ஏடவலேரு" என்றாய். எங்கள் மாமாவுக்குத் தெலுங்கில் அழ வராது என்று!

போனை மறுபடி என் காதில் வைத்தாய். அந்தப் பெண், "அண்ணா, தமிழ்லயே அழுங்க. எனக்கும் வரும்" என்றாள். அழவிட்டாள். அப்புறம் நேராகவே கேட்டாள்: "செத்துடலாம்னு தோணுதாண்ணா?"

அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. "ஆமாம்மா" என்றேன். அவள் பதறவில்லை, திட்டவில்லை. மேலே மேலே கேட்டாள். சொல்லச் சொல்ல நெஞ்சில் மூச்சுவிட இடம் கிடைத்தது. நீ முதுகைக் காட்டி நின்றுகொண்டு வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாய். அழுதாய் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் திருப்பதிக்கு டாக்டரிடம் கூட்டிப்போனாய். மாத்திரை உடனே கேட்டுவிடவில்லை. "ஒரு தறி ஓட்டு மாமா, போதும். மத்தது தூங்கட்டும்" என்று தினமும் வந்து நீயே சுவிட்சைப் போட்டாய். அப்படித்தான் எழுந்தேன்.

அது திரும்பி வந்திருக்கிறது, மச்சான். சில வாரமாக மறைத்துக்கொண்டிருந்தேன். இன்று அந்த வாசலில் உட்கார்ந்தபடியே நானே போன் போட்டேன். இந்த முறை ஓர் ஆண் குரல். பாதி தெலுங்கு, பாதி தமிழாகச் சொன்னேன். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிட முடியுமா என்று கேட்டார். தம்பியைப் பறிகொடுத்தவள் தலையில் இதையும் எப்படிப் போடுவது என்றுதானே இத்தனை நாள் ஒளித்தேன்? ஆனாலும் கூப்பிட்டேன்.

மாவுக் கையோடு வந்தாள். "எனக்குத் திரும்பவும் அப்டி ஆவுது" என்றேன்.

என்னையே பார்த்தாள். "எனக்கும்தான்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து, "ஸ்பீக்கர்ல போடுங்க" என்றாள்.