மாத்தறையில் சொன்ன பெயர்

மார்ச் 3, திங்கள்

விடியும் முன்பே புழுக்கம். ஃப்ளாட்டில் தண்ணீர் மோட்டார் மறுபடியும் பழுது. இரண்டு வாளித் தண்ணீர், மூன்று பேர் குளிப்பு.

பிராந்திய முகாமையாளர் கூப்பிட்டார். மாத்தறைக் கிளைக்குப் பொறுப்பாகப் போக முடியுமா என்று. பதினேழு வருட இன்சூரன்ஸ் வேலையில் இரண்டு தடவை என்னைத் தாண்டிப் போன பதவி; இரண்டு தடவையும் 'பரவாயில்லை' என்று ஆறுதல் சொன்னார்கள். பதில் அடுத்த வெள்ளிக்குள்.

மாலை சிவாவிடம் சொன்னேன். பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்த மனுஷன் நிமிரவில்லை.

"மாத்தறையோ? அங்க எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?"

"தெரியேல்லை."

"சரி, யோசிப்பம்."

பதினான்கு வருடக் கல்யாணம். 'யோசிப்பம்' என்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

மார்ச் 5, புதன்

மழை வரும் போல் இருந்தது, வரவில்லை.

பக்கத்து மேசை நில்மினி கேள்விப்பட்டு வந்தாள். அவளுடைய ஊர் அந்தப் பக்கம். "அக்கே, பயப்பட வேண்டாம், எங்கள் சனம் நல்லவர்கள்" என்று சிங்களத்தில். பயம் என்று நான் ஒருவருக்கும் சொல்லவில்லையே. ஆனாலும் தெரிந்த ஒருவரின் வீடு வாடகைக்கு இருக்கிறது, கேட்டுச் சொல்கிறேன் என்றாள். நல்ல பிள்ளை.

யோசிக்க வேண்டியவை:

மகள் இயலினியின் பள்ளிக்கூடம். பம்பலப்பிட்டியில் படிப்பது போல் ஆங்கிலப் பள்ளி அங்கும் உண்டாம். வகுப்பில் தமிழ்ப் பிள்ளை இவள் ஒருத்தியாக இருப்பாள்.

சிவாவின் கணித ரியூசன். பிள்ளைகள் எல்லாம் வெள்ளவத்தை, பாமன்கடை. ஸூமில் படிப்பிக்கலாம் என்கிறார். முகம் அப்படிச் சொல்லவில்லை.

கோயில் - விசாரிக்க.

தோசை மா.

பொட்டு. இதை ஏன் எழுதினேன்? வெள்ளவத்தைக் கடைத்தெருவில் ஒருநாளும் நினைத்துப் பார்க்காத பொட்டு.

போகாமல் இருக்கக் காரணம்: களைப்பு. போகக் காரணம்: அதே.

மார்ச் 9, ஞாயிறு

நில்மினி சொன்ன வீட்டைப் பார்க்க மாத்தறை போய் வந்தோம். காலை ரெயினில் ஏறி. கால் இரண்டும் வீக்கம். எழுதாவிட்டால் நித்திரை வராது.

போகும்போது இயலினி ஜன்னலோரம். கடலைக் கண்டதும் உரத்த குரலில் கேள்விக்கு மேல் கேள்வி. களுத்துறை தாண்டியதும் சிவா குனிந்து, "மெல்லக் கதை பிள்ளை."

"ஏன் அப்பா?"

"எல்லாரும் பாக்கினம்."

நான் சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. அதன் பிறகு அவள் கதைக்கவேயில்லை.

சிவாவைக் குறை சொல்ல முடியாது. பதினைந்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்தவர். வடக்கிலிருந்து வந்த தமிழர் எடுக்க வேண்டியிருந்த பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் வாய் திறக்காமல் போய் வந்தவர். அந்தப் பழக்கம் உடம்பில் இருக்கிறது.

வீட்டுக்காரி மல்லிகா மிஸ், ஓய்வுபெற்ற ஆசிரியை. மேலே அவர், கீழே வாடகைக்கு. நல்ல காற்று. இரண்டு அறை. குழாயில் தண்ணீர்! தேநீரும் வாழைப்பழமும் தந்தார்.

"எந்த ஊர்?"

"வெள்ளவத்தை."

"இல்லை, உண்மையான ஊர்?"

பிறந்ததே வெள்ளவத்தைதான் என்றேன். சிரித்தார். கெட்ட எண்ணம் இல்லை. இந்தக் கேள்விக்கு இனி எத்தனை தடவை பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் யோசனை ஓடியது.

பிறகு பிள்ளையிடம் பெயர் கேட்டார்.

"ஷெனாலி" என்றாள் இயலினி. சுத்தமான சிங்களத்தில், சிரித்தபடி.

ஷெனாலி அவளுடைய வகுப்பில் படிக்கும் சிங்களச் சிநேகிதி.

நான் சிவாவைப் பார்த்தேன். சிவா தேநீரைப் பார்த்தார். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. திரும்பி வரும் வழி முழுக்கவும்.

மார்ச் 11, செவ்வாய்

தலை பின்னும்போது கேட்டேன். "ஏன் அந்த மிஸ்ஸுக்கு அப்பிடிச் சொன்னனீ?"

"அவைக்கு லேசுதானே அம்மா. திருப்பித் திருப்பிக் கேக்க மாட்டினம். அப்பாவும் ஏச மாட்டார்."

ஒன்பது வயது. எங்களுக்கு உதவி செய்ததாக நினைக்கிறாள்.

குசினியில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது. பிறகு சிவா வந்து வாசலில் நின்றார், கையெல்லாம் தேங்காய்ப்பூ. "நான்தான் பழக்கிப்போட்டன்" என்றார். பின்னேரம், "வேண்டாம் எண்டு சொல்லிவிடன்."

சரி என்றேன். சண்டை பிடிக்கவும் தெம்பில்லை.

மார்ச் 14, வெள்ளி

மறுக்கத்தான் போனேன். ஆங்கிலத்தில் இரண்டு வசனம், வழியிலேயே பாடமாக்கி.

நான் உட்காரும் முன்பே முகாமையாளர்: "உங்கள் குடும்பத்துக்கு அங்கே கஷ்டம் என்று எனக்கு விளங்குகிறது. நீங்கள் மறுத்தால் ஒருவரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்." உண்மையான அனுதாபம். மேசையில் கடிதம் ஒன்று அடித்துத் தயாராக, வேறு ஒருவர் பெயரில்.

"எப்போது தொடங்க வேண்டும், சேர்?" என்று கேட்டேன்.

என் வாயில்தான் வந்தது. வெளியே வந்து படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். வீரம் ஒன்றும் இல்லை. இன்னொருவர் வாயால் மூன்றாவது தடவையும் 'பரவாயில்லை' என்று கேட்க முடியவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில்:

"மறுக்கப் போனனீ எல்லோ?"

"ஓம். நான் சொல்ல முதல் அவரே எனக்காக மறுத்துப்போட்டார்."

சிவா சிரித்துவிட்டார். இந்தக் கிழமை முதல் சிரிப்பு. பிறகு, "போவம். பிள்ளைக்கு நான் சொல்லுறன்."

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "அங்க போனா உன்ர பேரைத்தான் சொல்லவேணும். ரெயினில கத்தியும் கதைக்கலாம்."

"நீங்களும் கத்துவீங்களோ?"

"பழகிறன்" என்றார்.

மார்ச் 15, சனி

மழை, கடைசியில். உடுப்பு ஒன்றும் காயவில்லை.

மல்லிகா மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். வீடு எடுக்கிறோம் என்றதும் சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் விசாரிக்கிறேன், பிள்ளையின் முழுப் பெயரைச் சொல்லுங்கள் என்றார்.

ஷெனாலி இல்லை, இயலினி என்றேன்.

"தெரியும். நில்மினி முதலே மூன்று பேருடைய பெயரும் சொல்லியிருந்தாள்."

"அப்படியென்றால் அன்றைக்கே ஏன் மிஸ் சொல்லவில்லை?"

"அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் இருந்தீர்கள், மகளே. நீங்களே பேசாமல் இருக்கும்போது நான் எப்படித் திருத்துவது?"

பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து எழுதிக்கொண்டார்.