மச்சானின் குளத்துக்கு வந்த சீக்கு

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் போன இடத்தில் எல்லோரும் சௌக்கியம் என்றுதான் பேச்சு. இங்கே சேதி நல்லதில்லை. வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் நீங்கள் வெட்டி வைத்த குளத்தில் இப்போது ஒரே ஒரு மீன்தான் இருக்கிறது. மற்றவையெல்லாம் செத்துவிட்டன. இதை எழுதும்போது அழுகை வரும் என்று நினைத்தேன், கொட்டாவிதான் வந்தது. பத்திரிகைக்குச் சிரிப்புத் துணுக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்கு மனசு எப்போது வேலை செய்யும் என்று யாருக்குத் தெரியும்?

உங்கள் கருமாதிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து எங்கள் பெரியப்பா மகன் வந்தார். அந்தப் பாக்கு மண்டிக்காரர்தான், உங்களைப் போலவே மீன் பைத்தியம். பிளாஸ்டிக் பையில் இரண்டு கலர் கெண்டையைப் போட்டு, பஸ்ஸில் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். "மாப்ளை இல்லாத கொளத்துக்கு ஒரு தொணைக்கு இருக்கட்டும் அம்மணி" என்று அக்காவிடம் நீட்டினார். துக்கத்துக்கு வந்தவர் கொடுப்பதை வாங்கி ஓரமாக வைக்க முடியுமா? அவர் கண் முன்னாலேயே அக்கா பையைக் குளத்தில் கவிழ்த்தாள். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

நீங்கள் இருந்திருந்தால்? யார் மீன் கொண்டுவந்தாலும், "பஸ்ல வந்த களைப்புங்க, கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று சொல்லி, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துச் சிமெண்ட் தொட்டியில் விட்டு, வாரக்கணக்கில் தனியாக வைத்திருப்பீர்கள். கொண்டுவந்தவருக்கும் மனம் குளிர்ந்துவிடும். "மச்சான் மீனுக்கு லாட்ஜ் நடத்தறாரு" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவன் நான். ஏனுங்க மச்சான், அது உபசாரம் இல்லை, காவல் என்று எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

கொஞ்ச நாளில் மீன்கள் தண்ணீர் விழும் மூலையில் கூடி வாயைத் திறந்து திறந்து மூடின. கண் உள்ளே போயிற்று. செவுள் திட்டுத் திட்டாக வெளுத்தது. தெருவே வைத்தியரானது. எதிர்வீட்டம்மா மஞ்சள் என்றார், பின்வீட்டுக்காரர் வேப்பிலை என்றார். நான்தான் யார் பேச்சையும் தட்டாதவன் ஆயிற்றே, எல்லாவற்றையும் போட்டுக் கலக்கினேன். குளம் ரசமானது. மீன் பிழைக்கவில்லை.

கடைசியில் மீன்களுக்கு வைத்தியம் படித்த டாக்டரம்மா ஒருவரை அழைத்துவந்தேன். செவுளைத் தூக்கிப் பார்த்தவர், "வைரஸ் மாதிரி இருக்குதுங்க. இதுக்கு மருந்து இல்லீங்க" என்றார். செத்ததைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வேண்டுமாம். வலை, வாளி மட்டுமல்ல, ஒரு சொம்புத் தண்ணீர்கூட வேறு குளத்துக்குப் போகக் கூடாதாம். மனிதர்களுக்கு ஒட்டாது என்பதைத் தெருவுக்கே கேட்கும்படிதான் சொன்னார். ஆனாலும் பால்காரர் அன்று முதல் பாலைக் கேட்டுக்கு வெளியே வைத்து, மணி அடித்துவிட்டு ஓடுகிறார்.

புதைக்கிற வேலை எனக்கு. குழி, மீன், சுண்ணாம்பு, மண். நடுவில் பக்கத்து வீட்டு டிவியில் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டேன் மச்சான். அதுகூட மனதில் நிற்கவில்லை.

மிஞ்சியது, நெற்றியில் சிவப்புத் திட்டோடு உங்கள் கையிலிருந்து பொரி தின்னுமே, அந்தப் பெரியதுதான். நன்றாக நீந்துகிறது. டாக்டரம்மா அதையும் நம்பவில்லை. "பொழைச்சது பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா ஒடம்புல நோய் ஒளிஞ்சிருக்குமுங்க. ஒண்ணு, இதையும் கொன்னுபோட்டுக் கொளத்தைக் காயப்போடுங்க. இல்லாட்டி, இது சாகற வரைக்கும் புதுசா எதையும் உள்ள உடாதீங்க, இங்கிருந்து எதையும் யாருக்கும் குடுக்காதீங்க."

அக்கா முடிவு சொல்லவில்லை. உங்கள் சாவுக்கும் அழாதவள், குளத்தோரம் உட்கார்ந்து, "நாந்தான கண்ணு எல்லாத்தையும் கொன்னுபோட்டேன்?" என்றாள். பருப்புக்கு உப்புப் போட்டேனா என்று கேட்கிற குரல். ஒரு ஜோக் தேடினேன். கிடைக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையத்து அண்ணன் மறுபடி வந்தார். ஆள் இளைத்திருந்தார். "எங்கூட்டுத் தொட்டி சுத்தமா காலியாயிருச்சு அம்மணி. என்ன சீக்குன்னே தெரியல" என்றார். நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவர் குளத்தை எட்டிப் பார்த்தார். "அட, ஒண்ணு இருக்குதே! மாப்ளை ஞாபகமா அதைக் குடு. தொட்டியக் கழுவி வெச்சுப்போட்டுத்தான் வந்தேன்."

கேட்டவருக்கெல்லாம் உங்கள் ஸ்கூட்டரையே இரவல் கொடுத்தவள் அக்கா. அவள் எழுந்து நின்றாள்.

"தரமாட்டேனுங்ணா. அதுக்குள்ள நோய் இருக்குது. உங்க தொட்டிக்கு வந்தா மறுக்காவும் எல்லாம் போயிரும்."

"இங்க எப்படி வந்துச்சு அம்மணி?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டாள். "எப்படியோ வந்துருச்சுங்ணா. தொட்டியக் கழுவுனா மட்டும் பத்தாது, சுண்ணாம்பு போட்டு வெயில்ல காயவிடுங்க. இனி மீன் வாங்குனா தனியா வெச்சுப் பாத்துட்டு உடுங்க. உக்காருங்க, காப்பி வெக்கறேன்."

அவர் போன பிறகு அக்கா குழாயடியில் டம்ளரைக் கழுவினாள். "அதைக் கொல்லவும் மாட்டேன் கண்ணு, யாருக்கும் தரவும் மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான்.

மச்சான், இனிமேல் மீன் பையோடு வருகிறவரைக் கேட்டிலேயே மறிக்கிற வேலை என்னுடையது. மரியாதை தெரியாதவன் என்ற பேரை நான் வாங்கிக்கொள்கிறேன். இன்னொரு தடவை அக்கா அப்படி எழுந்து நிற்க வேண்டாம். அந்த ஒன்றின் காலம் முடிகிற அன்றைக்கு, அவள் கண்ணில் படுவதற்கு முன்னால் எடுத்துப் புதைத்துவிடுவேன். இது சத்தியம்.

உங்கள் வீட்டம்மாவின் தம்பி,
எந்நாளும் உங்கள் மச்சினன்