முப்பத்தேழைத் தொடும்போது

ஜூன் 3, செவ்வாய்

ஹெட்போன் வந்திருந்தார். குறைமாதக் குழந்தைகளை வைக்கும் சூட்டுப் பெட்டி செய்கிற மாப்பிள்ளையின் கம்பெனியில், மெயின் போர்டுக்குப் புரோகிராம் எழுதுகிறவர். கழுத்தில் அந்தக் கருவி தொங்காமல் நான் அவரைப் பார்த்ததே கிடையாது. பிஸ்கட் தின்ற கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அதே கையால் என் சென்சார் போர்டை எடுத்தார். சீ. அவர் கண்ணெதிரிலேயே ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். உறைக்கவில்லை.

“ஆண்ட்டி, உங்க போர்டு அப்பப்ப தப்பாச் சொல்லுது. பிரசவ வார்டுல ஒரு மிஷின் டிரையலுக்கு வச்சிருக்கோம்ல? முப்பத்தேழுன்னு காட்ட வேண்டிய இடத்துல திடீர்னு முப்பத்தாறுன்னு ஒரு குதி குதிக்குதாம். நர்ஸுங்க அதுக்கு விக்கல்னே பேர் வச்சிட்டாங்க.”

நான் யாருக்கும் ஆண்ட்டி இல்லை. என் போர்டு தப்பாகச் சொல்லாது.

ஜூன் 4, புதன்

சொல்லுமோ? காலையிலிருந்து சோதித்தேன். சொல்லவில்லை.

ஜூன் 6, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்.

மெயின் போர்டுக்கும் என் போர்டுக்கும் நடுவே இரண்டே கம்பி. ஒன்றில் தாளம், ஒன்றில் பேச்சு. தாளம் போடுவது மெயின் போர்டு. என்னுடையது கேட்டால் மட்டும் பதில் சொல்லும் பக்கம். பழைய புத்தகங்களில் அதற்கு அடிமை என்று பெயர்; அந்தச் சொல்லை நான் எழுதுவதில்லை. கான்வென்டில் எங்களை வளர்த்த மாதிரிதான் அதை வளர்த்திருக்கிறேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நில், கேட்டதற்கு முழுதாகப் பதில் சொல், உட்கார்.

குழந்தையின் சூடு இரண்டு பைட்டாக, இரண்டு துண்டு எண்ணாக, போகிறது. முதலில் டிகிரி, பிறகு பின்னம். கூப்பிட்ட அந்தக் கணத்தின் சூட்டை இரண்டுக்குமாகச் சேர்த்து உறைய வைத்துத்தான் என் புரோகிராம் பதில் சொல்லும். ஒரே அழைப்பில் இரண்டையும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று விவரத் தாளின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன்.

ஹெட்போன் செய்வது என்ன? டிகிரியைக் கேட்கிறார். ‘முப்பத்தாறு’ என்கிறது. இணைப்பைத் துண்டித்துவிடுகிறார். திரையில் ஏதோ பொம்மை வரையப் போகிறார். திரும்பி வந்து, இன்னொரு அழைப்பில் பின்னத்தைக் கேட்கிறார். அதற்குள் 36.99 என்பது 37.00 ஆகிவிட்டது. பின்னம் சைபர். பழைய முப்பத்தாறும் புதிய சைபரும் சேர்ந்து 36.00! ஒரு முழு டிகிரி குறைவு. ஹீட்டர் அதை நம்பிச் சூட்டை ஏற்றும். கண்ணாடிக்குள் கிடப்பது கையளவு உயிர்.

இரண்டு ஆளின் பாதியை வெட்டி ஒட்டி ஒரு ஆள் என்று காட்டுவது போல.

ஜூன் 9, திங்கள்

மாப்பிள்ளையிடம் போனில் சொன்னேன். பொறுமையாகத்தான் சொன்னேன்.

“அத்தை, மிஷினை வாங்கலாமான்னு வியாழக்கிழமை குழந்தை டாக்டர் பார்க்க வர்றாங்க. இப்பப் போய் மெயின் போர்டுல கை வச்சா எல்லா டெஸ்டையும் முதல்லேருந்து பண்ணணும். நீங்களே உங்க பக்கம் அந்தப் பின்னத்தைப் பிடிச்சு வைங்களேன்.”

எவ்வளவு நேரம் பிடித்து வைப்பது? மெயின் போர்டு நடுவில் வேறு வேலைக்குப் போய்விட்டால்? திரும்பி வருமா, வராதா என்று என் பக்கத்துக்கு எப்படித் தெரியும்? கேட்டேன்.

“சரி விடுங்க. நாங்களே ஒரு வடிகட்டி போட்டுக்கறோம். கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க.”

சென்சார் பக்கம் சரி என்று நான் கையெழுத்திட்டால்தான் மிஷின் விற்பனைக்குப் போகும். அவருடைய மாமனார், என் வீட்டுக்காரர், போன பிறகு இந்த ஏற்பாடு. அதுவரை அவர் போர்டு செய்வார், நான் புரோகிராம் எழுதுவேன், இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம்.

ஜூன் 10, செவ்வாய்

வடிகட்டி என்னவென்று பார்த்தேன். கடைசியாகக் காட்டிய எண்ணிலிருந்து அரை டிகிரிக்கு மேல் மாறினால் புதியதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழையதையே காட்டும். விக்கல் தெரியாது. சரி — நிஜமாகவே சூடு எகிறினால்? அதையும் தூக்கிப் போடும். அடுத்ததையும். அதற்கடுத்ததையும்.

இதை ஒருவர் யோசித்து, எழுதி, டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்கிறார்.

கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் மகள் வந்தாள். உட்காரவில்லை.

“அம்மா, அவர் ஒரு வாரமாத் தூங்கல. இந்த மிஷின் போகலைன்னா கம்பெனியை இழுத்து மூடணும், தெரியுமா?”

“குழந்தை வெந்துபோனா எதை மூடுவீங்க?”

“எல்லாத்துக்கும் இப்படி ஒரு பேச்சு. உனக்குக் குழந்தையும் முக்கியமில்ல, குட்டியும் முக்கியமில்ல. நீ ஜெயிக்கணும், அவ்ளோதான். அப்பாகிட்டயும் இப்படித்தான் இருந்தே.”

கதவை அறையாமல் சாத்திக்கொண்டு போனாள். அறைந்திருக்கலாம்.

ஜூன் 11, புதன்

ஜெயிக்கணுமா எனக்கு? — ஆமாம், கொஞ்சம். அதனால் வடிகட்டி சரியாகிவிடுமா?

ஜூன் 12, வியாழன்

போனேன். கூப்பிட்டார்கள், சபைக்கு ஒரு வெள்ளை முடி வேண்டுமே. அறை முழுக்க யாரோ அடித்த சென்ட். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ரப்பர் பொம்மை, அதன் வயிற்றில் என் சென்சார். திரையில் 36.8, ஆடாமல் அசையாமல். டாக்டரம்மா மெச்சினார். மாப்பிள்ளை சிரித்தார். ஹெட்போன் இன்று கழுத்தில் டை கட்டியிருந்தார்; ஹெட்போன் டைக்கு மேல்.

“இந்த எண் இவ்வளவு அமைதியா இருக்கே, அந்த விக்கலை எப்படிச் சரி பண்ணீங்க?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“சென்சார் போர்டு பக்கம் சின்னக் கோளாறு மேடம்,” என்றார் மாப்பிள்ளை. “எழுதினவங்க பெரியவங்க. நாங்க சமாளிச்சிட்டோம்.”

என்னைப் பார்க்காமல் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

எழுந்தேன். சென்சாரைப் பொம்மையிலிருந்து எடுத்து, எனக்குக் கொடுத்திருந்த ஆவி பறக்கும் காப்பியில் போட்டேன். என் சென்சாரைக் காப்பியில்! கை கூசியது.

திரையில் 36.8.

டாக்டரம்மா காப்பியில் விரலை வைத்துப் பார்த்து, வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். “இது எவ்வளவு நேரம் இப்படியே காட்டும்?”

“காப்பி ஆறும்வரை,” என்றேன்.

அவர் தன் பையை எடுத்துக்கொண்டார். வார்டில் இருப்பதை இன்றே அணைத்துவிடச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். நானும் வந்துவிட்டேன். வழியனுப்ப யாரும் எழவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மகள் ஞாயிறுதோறும் வருவாள். வரவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

வரவில்லை. அவள் ஜெயிக்கணும் போலிருக்கிறது. யாரைக் கொண்டு பிறந்தாள்?

ஜூலை 2, புதன்

கம்பெனி ஆள் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். புது மெயின் போர்டு. வடிகட்டி போய்விட்டது. ஒரே அழைப்பில் இரண்டு பைட்டும் வாங்குகிறார்கள். புரோகிராமின் தலைப்பில் ‘வேக மேம்பாடு’ என்று எழுதி, கீழே மாப்பிள்ளையின் பெயர். வேகமாம்! முகத்தைச் சுளித்துச் சுளித்து எனக்குத் தாடை வலிக்கிறது.

பகல் முழுக்க முப்பத்தேழுக்குக் கீழும் மேலும் சூடாக்கி, ஆறவிட்டுப் பார்த்தேன். வெந்நீரிலும் போட்டேன். உடனே ஏறியது, அலாரம் அலறியது. குதிக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

மகளுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். மாப்பிள்ளை எடுத்தார்.

“கையெழுத்துப் போட்டுட்டேன். ஆள் அனுப்புங்க.”

“நானே வர்றேன் அத்தை.”

வந்தார். தாளை வாங்கிக்கொண்டு, படிக்காமலே மடித்தார். நன்றி, மன்னிப்பு ஒன்றும் இல்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. வாசலில் திரும்பி, “அவ கார்லதான் இருக்கா. இறங்கமாட்டேங்கிறா,” என்றார்.

போய்க் கார் கதவைத் திறந்தேன். உள்ளே காலி பாட்டில்கள், கசங்கிய டிஷ்யூ, பின்சீட்டில் ஈரத் துண்டு. கண்றாவி.

“தள்ளி உட்காருடி,” என்றேன்.

என்னைப் பார்க்காமல், துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தள்ளி உட்கார்ந்தாள்.