வோட்டர் கார்டு நகல்

சடையங்குப்பம்
10.2.2003

செல்வநாதன் அண்ணாவுக்கு,

பூவம்மா எழுதுவது. ஸ்டுடியோவில் மாயா என்றுதானே கூப்பிடுவீர்கள், அந்த மாயா. போன் போட்டால் அண்ணி எடுக்கிறார்கள், அதனால்தான் கடுதாசி. பிள்ளைகள் சுகமா?

எனக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. மாப்பிள்ளை பெயர் நீலமேகம், மணலியில் லாரி ஓட்டுகிறார். எங்கள் வீட்டோடுதான் இருக்கப்போகிறார்.

துணியில்லாமல் நீங்கள் எடுத்த படங்கள் வெளிநாட்டுக்குப் போய்விட்டன, இங்கே யார் பார்க்கப்போகிறார்கள்? எனக்குப் பயம் அந்தக் கவர்தான். நிஜப் பெயர், வோட்டர் கார்டு நகல், கார்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நான் நிற்கிற படம். கொளுத்திவிடுங்கள் அண்ணா.

பதிலைச் சாபிரா தையல் கடைக்குப் போடவும். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

தங்கை
பூவம்மா


இராயபுரம்
17.2.2003

அன்புள்ள பூவம்மாவுக்கு,

கல்யாணச் சேதி கேட்டு ரொம்பச் சந்தோஷம். மாலையும் கழுத்துமாக உன்னை ஒரு படம் எடுக்கத்தான் எனக்கு வழியில்லை.

நீ கேட்டது முடியாதம்மா. படம் வாங்கிய நாட்டுச் சட்டம் அப்படி. பெண்ணுக்குப் பதினெட்டு தாண்டியதற்கு அத்தாட்சி, அவளுடைய எல்லாப் பெயர்கள், எடுத்த தேதி, எல்லாம் வருடக்கணக்கில் என்னிடம் இருக்க வேண்டும். கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும். இருபத்துமூன்று வயதில் நீயாகச் சம்மதித்து நின்றதற்கும் அதுதான் சாட்சி. கோபித்துக்கொள்ளாதே.

செல்வநாதன்


சடையங்குப்பம்
24.2.2003

அண்ணா,

எனக்குச் சாட்சி வேண்டாம். எவனோ எந்த ஊரிலிருந்தோ கேட்பான் என்று என் பெயரைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். “இன்னாடி பேஜாரு உனுக்கு, சோறே எறங்கல?” என்று அம்மா கேட்கிறாள். என்ன சொல்வேன்? உங்கள் காலில் விழுகிறேன்.

பூவம்மா


இராயபுரம்
3.3.2003

பூவம்மா,

நேற்று மொட்டைமாடியில் கொளுத்திவிட்டேன். நிம்மதியாகக் கல்யாணம் பண்ணிக்கொள்.

செல்வநாதன்


12.12.2005

அண்ணா,

சாபிரா கையில் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளத்தில் வீடு போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் படுத்திருக்கிறோம், குழந்தைக்குச் சளி. எனக்கு அழுகைகூட வரவில்லை.

மாற்று வீடு தருகிறார்கள். முன்பே இங்கே குடியிருந்ததற்கு அத்தாட்சி வேண்டுமாம். “ஜெராக்ஸாவது வச்சினு கீறியாமா?” என்று பெயர் எழுதுகிற ஆள் கேட்டார். ஒரு காகிதம் மிஞ்சவில்லை. புதுக் கார்டு வருவதற்குள் பெயர் எழுதுவதை முடித்துவிடுவார்கள்.

கொளுத்திவிட்டேன் என்று எழுதினீர்களே, அது பொய்யாக இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

பூவம்மா


12.12.2005

பூவம்மா,

பொய்தான். நகல் இத்துடன் இருக்கிறது. படமெடுத்த அன்று ஓரத்தில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கியிருந்தேன், அதனால் செல்லும். எனக்கு வேறு பிரதி எடுத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் கவரில் அப்படியே இருக்கிறது, இருந்தாக வேண்டும். மன்னித்துவிடு.

அண்ணன்
செல்வநாதன்


30.1.2006

செல்வநாதன் அவர்களுக்கு,

வீடு கிடைத்தது. இரண்டாவது மாடி. குழாயில் தண்ணீர் வருகிறது.

நகல் எங்கிருந்து வந்தது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். தையல் கடையில் எப்போதோ கொடுத்து வைத்திருந்தேன் என்றேன். “இத்தாம்மே நம்ம வூட்டு தெய்வம்” என்று கண்ணாடி போட்டு, சாமி படங்களுக்கு நடுவில் மாட்டிவிட்டார். தினமும் அதற்கும் சேர்த்து ஊதுவத்தி காட்டுகிறார். என்னையும் கும்பிடச் சொல்கிறார். கும்பிடுகிறேன்.

அந்தக் கவர் இல்லை என்று நம்பித்தான் இத்தனை நாள் அவர் பக்கத்தில் தூங்கினேன்.

உங்களுக்கு நன்றி. கிரகப்பிரவேசத்துக்கு உங்களைக் கூப்பிடவில்லை. இனி எழுத வேண்டாம். பூவம்மா என்று கூப்பிடவும் வேண்டாம்.

மாயா