பொம்மை நோயாளி

திங்கட்கிழமை, விழுப்புரம்.

இன்று ஒரு பொம்மைக்குக் கும்பிடு போட்டுவிட்டேன்.

திண்டிவனத்து நர்சிங் கல்லூரியில் என் மகள் சங்கீதா இன்று ஆசிரியராகச் சேர்ந்தாள். புதிதாகச் சேர்ந்தவர்களின் வீட்டாரையும் அழைத்துப் போய், மாணவிகள் பயிற்சி எடுக்கும் அறையைக் காட்டினார்கள். கட்டிலில் ஒருவர் போர்வையோடு படுத்திருந்தார். நெஞ்சு ஏறி இறங்கியது. யாரோ பெரியவர் என்று நினைத்துக் கும்பிட்டு, "இப்ப உடம்பு பரவால்லைங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அப்பா, அது பொம்மைப்பா," என்றாள். அவளோடு சேர்ந்த மற்ற ஆசிரியைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அதன் மணிக்கட்டைப் பிடித்து, நாடி துடிப்பதைக் காட்டினாள். "எவ்ளோ நேரம் வேணாலும் படுத்துக்கினே இருக்கும்பா. உன்ன மாதிரி கூச்சமா இருக்குதுன்னு கைய இழுத்துக்காது."

அவள் படித்த காலமெல்லாம் வீட்டில் நோயாளி நான்தான். அவள் என் தலையில் போட்டுப் பழகிய கட்டோடு நான் பால் வாங்கப் போய், தெருவே பதறியிருக்கிறது. படிப்பு முடிந்த பிறகும் தினம் சாயங்காலம் என் கையைப் பிடித்து நாடி பார்ப்பாள். இனி அவளுக்கு அங்கேயே விடுதி. அந்த ரப்பர் கையைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. இந்த வயதில் பொம்மையோடு போட்டி போடுகிறவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

பஸ் ஏற்றிவிட வந்தவள், "பிரஷர் மாத்திரைய மறந்துடாதப்பா" என்றாள். ஜன்னல் வழியாகக் கையை நீட்டினேன். டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்து அவளும் கையை ஆட்டினாள்.

ஒரு தடவை நாடி பாரும்மா என்று நான் கேட்கவில்லை.